நடையா, சைக்கிளா, யோகாவா: பார்க்கின்சன் தொடக்கத்தில் எதைப் பிடித்துக்கொள்வது?

பார்க்கின்சனுக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கிற நரம்பு டாக்டர் கடைசியில் 'நல்லா எக்சர்சைஸ் பண்ணுங்க' என்று ஒரு வரி சேர்ப்பார். என்ன எக்சர்சைஸ், எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம் என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள். மிச்சத்தைச் சொந்தக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். பாளையங்கோட்டையில் இருக்கும் எங்கள் அத்தானுக்கு 62 வயதில் இந்த நோய் என்று தெரிந்ததும் ஒருத்தர் வ.உ.சி. மைதானத்தில் வாக்கிங் போகச் சொன்னார். இன்னொருத்தர் மொட்டை மாடியில் எட்டு போட்டு நடக்கச் சொன்னார். அப்புறம் சைக்கிள், யோகா, பிசியோ என்று நீண்டு சிலம்பம் வரைக்கும் வந்தது. அக்கா மட்டும் எதிர்க்கட்சி. "அவுகளே தளர்ந்து போயிருக்காவ, இதுல ஓட வேற விடணுமாக்கும்? சும்மா ஓய்வா இருக்கட்டும்."

இத்தனையையும் ஒரே ஆள் செய்ய முடியாது. எதை முதலில் எடுப்பது, எதை ஓரமாக வைப்பது என்று அலசிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நோய் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தும். ஒரு கை நடுங்குகிறது, நடக்கும்போது அந்தக் கை வீசாமல் உடம்போடு ஒட்டி நிற்கிறது, கையெழுத்து சிறுத்து பேங்கில் ஒத்துப்போகவில்லை என்கிறார்கள், தோள்பட்டை இறுகியதற்கு முதலில் எலும்பு டாக்டரிடம் போய் வந்தாயிற்று, ஆனால் இன்னும் தடுமாறி விழவில்லை. அந்த நிலை.

மூளையின் அடிப்பகுதியில் டோபமின் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதுதான் இந்த நோய். கை நடுங்க ஆரம்பிக்கும்போதே அவற்றில் பெரும்பகுதி போயிருக்கும். லெவோடோபா மாத்திரை குறைந்த டோபமினை ஈடுகட்டுகிறது. செல்கள் அழிவதை அது நிறுத்துவதில்லை. உடற்பயிற்சி அதை நிறுத்தும் என்றும் யாரும் நிரூபித்துவிடவில்லை. நடை, கை கால் வேகம், இறுக்கம் இவையெல்லாம் மோசமாகிப் போகும் வேகத்தைப் பயிற்சி குறைக்கிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பயிற்சி என்ற பேச்சுக்கு இடமே இல்லை. பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருப்பது உண்மைதான். அதற்காக நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கி, டாக்டரிடம் சொல்லாமல் மாத்திரையோடு சேர்த்துக்கொள்வது அளவு தெரியாமல் இரட்டை மருந்து சாப்பிடுவதாகும்.

முதலில் அக்காவின் கட்சியைப் பார்த்துவிடலாம். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேராகப் பதில் சொல்கிறது. பல நாடுகளில் சேகரித்த தகவலிலிருந்து ஆரம்பக் கட்ட நோயாளிகள் 237 பேரை எடுத்து, சுமார் ஐந்து வருடம் அவர்கள் எவ்வளவு அசைந்தார்கள், நோய் எப்படிப் போனது என்று பார்த்தார்கள். தொடக்கத்தில் ஒருவர் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தார் என்பதற்கும் பிறகு நோய் போன போக்குக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. நோய் வந்த பிறகும் வருடக்கணக்கில் விடாமல் அசைந்துகொண்டிருந்தவர்களுக்கு நடையும் நிற்கும் நிதானமும் மெதுவாகவே குறைந்தன. வாலிபத்தில் கபடி ஆடியவர், பட்டாளத்தில் இருந்தவர் என்ற பழைய கணக்கெல்லாம் இங்கே செல்லாது. அதே மாதிரி, வாழ்நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவருக்கும் இப்போது தொடங்குவதில் தடை இல்லை.

அந்த ஆய்வில் எனக்கு அதிகம் பிடித்தது இன்னொரு விஷயம். மூச்சு வாங்குகிற அளவுக்குப் பயிற்சி செய்தவர்களுக்கு நடையும் நிதானமும் மெதுவாகவே குறைந்தன. வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு மூளை யோசிக்கும் வேகம் மெதுவாகக் குறைந்தது. வீட்டு வேலை செய்தவர்களுக்கு உடுத்துவது, குளிப்பது, சாப்பிடுவது போன்ற அன்றாடக் காரியங்கள் அவ்வளவு சீக்கிரம் கையை விட்டுப் போகவில்லை. நம் பக்கத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். கல்லிடைக்குறிச்சியில் என் பெரியம்மாவுக்குக் கை நடுக்கம் வந்த மறுநாளே மருமகள் அரிவாள்மனையைப் பிடுங்கி வைத்துவிட்டாள். பிறகு கோலம், பிறகு துணி மடிப்பது. பாசம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு வேலையும் கையை விட்டுப் போகப் போக, அந்த வேலைக்கான அசைவும் போகிறது. அரிவாள்மனையை எடுத்து ஒளித்து வையுங்கள், சரி. காய் உரிக்க, தேங்காய் துருவ, துணி மடிக்க, கோலம் போட விடுங்கள். நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

இது யாரையும் எதையும் செய்யச் சொல்லாமல் வெறுமனே நோட்டமிட்ட ஆய்வு என்பதையும் சொல்ல வேண்டும். நோய் மெதுவாகப் போகிறவரால்தான் தொடர்ந்து அசைய முடிகிறது என்றும் ஒருவர் வாதாடலாம். கணக்கில் அதைச் சரிக்கட்டப் பார்த்திருக்கிறார்கள், முழுதாகச் சரிக்கட்டுவது கடினம். ஆகவே ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வுகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவற்றில் முக்கியமான இரண்டு. ஒன்று, 2018-இல் அமெரிக்காவில் வெளியானது. இன்னும் மாத்திரையே ஆரம்பிக்காத 128 பேர். ஒரு கூட்டம் டிரெட்மில்லில் அதிகபட்ச இதயத் துடிப்பில் 80 முதல் 85 சதவீதம் வரை போகும் வேகத்தில் நடந்தது. இன்னொரு கூட்டம் 60 முதல் 65 சதவீதத்தில். மூன்றாவது கூட்டம் வழக்கம் போல இருந்தது. ஆறு மாதம் கழித்து நோய் மதிப்பெண் (கூடினால் நோய் கூடுகிறது என்று அர்த்தம்) வழக்கம் போல இருந்தவர்களுக்கு 3.2 கூடியிருந்தது. நிதான நடைக்காரர்களுக்கு 2.0 கூடியது. வேக நடைக்காரர்களுக்கு 0.3 மட்டுமே கூடியது, அதாவது கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றது. வேகக் கூட்டத்துக்கும் சும்மா இருந்த கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம் என்றார்கள். நிதானக் கூட்டத்தின் வித்தியாசம் அந்த அளவுக்குத் தேறவில்லை. வாரம் நான்கு நாள் வரச் சொன்னார்கள், சராசரியாக மூன்று நாள்தான் வந்திருக்கிறார்கள். மனுசர்கள் எங்கேயும் மனுசர்கள்தான்.

இரண்டாவது ஆய்வு நெதர்லாந்தில், 2019. 130 பேர். பாதிப் பேர் வீட்டிலேயே நிற்கும் சைக்கிளை வாரம் மூன்று முறை, முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் மிதித்தார்கள். சலிப்புத் தட்டாமல் இருக்கத் திரையில் கேம் ஓடியது. மறு பாதிப் பேர் கை காலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தார்கள். ஆறு மாதத்தில், மாத்திரையின் வேகம் இறங்கிய நேரத்தில் சோதித்தபோது, சைக்கிள்காரர்களுக்கு மதிப்பெண் 1.3 கூடியிருந்தது, மற்றவர்களுக்கு 5.6. ஆக, நம் முன்னே இருக்கும் தேர்வுகளை இரண்டு கேள்வி கேட்டு எடை போடலாம். மூச்சு வாங்குமா? ஐந்து வருடம் ஓடுமா?

வாக்கிங்கிலிருந்து தொடங்குகிறேன். செலவில்லை, கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, வ.உ.சி. மைதானத்தில் காலையில் துணைக்கு ஆள் இருக்கும். அந்தத் துணைதான் பிரச்சினையும். நான்கு அண்ணாச்சிமார் சேர்ந்து தேர்தல் கணக்குப் போட்டுக்கொண்டே சுற்றி வந்தால் அது உலாத்தல். போகட்டும், மனசுக்கு நல்லது. ஆனால் ஆய்வில் வென்றது அந்த நடை அல்ல. பார்க்கின்சன் உள்ளவர் பேசிக்கொண்டே நடந்தால் வேகமும் காலடி நீளமும் தானாகக் குறையும், அவருக்கே தெரியாது. முதல் இரண்டு சுற்று பேச்சு, அடுத்து அரை மணி நேரம் பேச்சில்லாத வேக நடை, கடைசியில் டீக்கடை என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்.

வேகம் எவ்வளவு? 220-இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்சத் துடிப்பு என்று ஒரு தோராயக் கணக்கு. 62 வயதுக்கு 158. அதில் 80 முதல் 85 சதவீதம் என்றால் நிமிடத்துக்கு 126 முதல் 134. கையில் கட்டும் வாட்ச் இதைக் காட்டும். ஆனால் பிரஷருக்கோ நடுக்கத்துக்கோ புரோப்ரனலால் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பு ஏறாது, இந்தக் கணக்கு ஏமாற்றும். அவர்களுக்கு மூச்சுக் கணக்குதான் சரி: இரண்டு மூன்று வார்த்தை பேசலாம், முழு வாக்கியம் பேச மூச்சு இழுக்க வேண்டும். அமெரிக்க ஆய்வில் யாரையும் நேரடியாக அந்த வேகத்துக்கு ஏற்றவில்லை, இதயத்தைப் பரிசோதித்துவிட்டுத்தான் ஏற்றினார்கள். சர்க்கரை, பிரஷர் உள்ள நம் வீட்டு ஆண்களும் பெண்களும் இதய டாக்டரைப் பார்க்காமல் வேகம் கூட்டக் கூடாது.

நடையின் பெரிய பலவீனம் நம் ஊர் வெயிலும் மழையும். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழரைக்கே பாளையில் முதுகு நனைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்தால் தெருவில் சாக்கடை மூடி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. டவுன் ரத வீதிகளில் எந்த மாதமும் பைக்குக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் நடக்க வேண்டும், வேகம் பிடிக்கவே முடியாது. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள், வாய்க்கால் கரை இருக்கிறது. கரை வழுக்காத மாதங்களில் மட்டும். தாமிரபரணிப் படித்துறையில் பாசி படிந்த படியில் தனியாக இறங்குவதை இப்போதே விட்டுவிடலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இந்த நோயில் கை கால் ஒத்துழைக்காமல் தண்ணீரில் தடுமாறியிருக்கிறார்கள். ஆற்றில் நீச்சல் என்றால் பக்கத்தில் ஒரு ஆள் கட்டாயம் வேண்டும்.

எட்டு போட்டு நடப்பது நம் வீடுகளில் இப்போது ஒரு மதம் மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அதில் பாதி நம்பிக்கை. பார்க்கின்சனில் திரும்பும்போதுதான் கால் சிக்கும். நின்ற இடத்தில் சட்டென்று திரும்பாமல் அகல வளைந்து திரும்பப் பழகுவது நல்ல பாடம், பெரிய எட்டு அதைக் கற்றுத் தருகிறது. ஆனால் மொட்டை மாடி எட்டில் மூச்சு வாங்காது. அதைப் பத்து நிமிடச் சேர்க்கையாக வைத்துக்கொள்ளலாம். அன்றைய உடற்பயிற்சி முடிந்தது என்று அதோடு உட்கார்ந்துவிடுவதுதான் நஷ்டம்.

சைக்கிளைப் பற்றி முதலில் எனக்கு இளக்காரம் இருந்தது. வாங்கிய வீடுகளில் பாதியில் அது துண்டு காயப் போடும் கொடியாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நெல்லை வெயிலை வைத்து யோசித்தால் அதற்குப் போட்டியே இல்லை. ஃபேனுக்குக் கீழே, எந்த மாதமும், விழுகிற பயம் இல்லாமல், வேண்டிய அளவு மூச்சு வாங்க வைக்கலாம். நெதர்லாந்துக்காரர்கள் கேம் வைத்ததற்குக் காரணம் உண்டு, வெறும் சைக்கிளை யாராலும் ஆறு மாதம் மிதிக்க முடியாது. நம் வீட்டில் சாயங்கால சீரியலையோ கிரிக்கெட்டையோ சைக்கிளோடு கட்டிவிட வேண்டும்: மிதித்தால்தான் டிவி. வாங்கும்போது இருக்கை தாழ்வாக, முதுகு சாயும் வசதியோடு இருந்தால் ஏறி இறங்குவது சுலபம். சைக்கிளின் குறை, அது நிற்கும் நிதானத்தைக் கற்றுத் தராது. உட்கார்ந்து மிதிப்பதால் காலுக்குச் சமநிலைப் பாடம் கிடைப்பதில்லை.

அந்தக் குறைக்குத்தான் தை சீ என்கிற சீனத்து மெதுவசைவுப் பயிற்சி மாதிரி ஒன்று வருகிறது. 2012-இல் அமெரிக்காவின் ஓரிகானில் 195 பேரை வைத்து, வாரம் இரண்டு முறை ஒரு மணி நேரம் என்று 24 வாரம் செய்து பார்த்தார்கள். வெறுமனே உடம்பை நீட்டி மடக்கியவர்களைவிட தை சீ செய்தவர்களுக்கு நிதானம் கூடியது, விழுவது குறைந்தது. நெல்லையில் தை சீ வாத்தியாரைத் தேடுவதைவிடச் சிலம்பாட்ட ஆசானைத் தேடுவது எளிது. கம்பில்லாமல் காலடி மட்டும், மெதுவாக, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிப் பழகினால் வேலை கிட்டத்தட்ட அதே வேலைதான் என்பது என் எண்ணம். ஆய்வு நடந்தது தை சீயை வைத்து, சிலம்பத்தை வைத்து அல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பெண்களுக்குக் கும்மி இருக்கிறது. தாளத்துக்குக் காலெடுத்து வைப்பது பார்க்கின்சன் நடைக்கு நன்றாகவே உதவும், கை தட்டுவதும் வளைந்து திரும்புவதும் அதிலேயே இருக்கின்றன. தெருவில் நான்கு பெண்கள் சேர்ந்தால் போதும்.

யோகாவை எந்த இடத்தில் வைப்பது? ஹாங்காங்கில் 138 பேரை வைத்து 2019-இல் வந்த ஆய்வில், எட்டு வாரம் மூச்சிலும் அசைவிலும் கவனம் வைத்து யோகா செய்தவர்களும், நீட்டல் மற்றும் தசைப் பயிற்சி செய்தவர்களும் உடம்பு விஷயத்தில் சமமாகவே முன்னேறினார்கள். கவலையும் மனச்சோர்வும் யோகாக்காரர்களுக்குத்தான் அதிகம் குறைந்தன. இதைச் சின்ன லாபம் என்று ஒதுக்கக் கூடாது. மனச்சோர்வு இந்த நோயின் ஒரு பகுதியே. வலது கை நடுங்குகிறவர் பந்தியில் உட்கார வெட்கப்பட்டுக் கல்யாணத்துக்குப் போவதை நிறுத்துவார், பிறகு கோயிலுக்கு, பிறகு தெருவுக்கே. யோகா அவரை மறுபடி நாலு பேரோடு உட்கார வைத்தால் அதுவே பெரிது. ஆனால் யோகா மட்டும் போதும் என்றால் எனக்குச் சம்மதமில்லை, மூச்சு வாங்காது. ஒற்றைக் காலில் நிற்கும் ஆசனங்களைச் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

பிசியோ என்றதும் பலருக்கு நினைவு வருவது மூட்டில் கரண்ட் வைப்பது. பார்க்கின்சனுக்கு அது வேலையில்லை. இதற்கென்று பயின்றவர் சொல்லித் தருவது பெரிய அசைவுகளை: நீளமான காலடி, பெரிய கைவீச்சு, படுக்கையிலிருந்து ஒரே வீச்சில் புரண்டு எழுவது. நோயாளிக்குத் தன் அசைவு சிறுத்திருப்பது தெரியாது, யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். இப்படிப் பெரிய அசைவுக்கென்றே வகுத்த ஒரு முறையில் வாரம் நான்கு நாள், நான்கு வாரம், மொத்தம் பதினாறு வகுப்பு. தொடக்கத்தில் இப்படி ஒரு மாதம் கற்றுக்கொண்டு வீட்டில் தொடர்வதுதான் காசுக்கும் ஏற்றது. ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் விசாரித்துப் பார்க்கலாம். நடமாட முடியாதவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ செய்வார்கள். ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர் அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை, அவர் நடந்தே போகலாம்.

எது எல்லாவற்றிலும் சிறந்தது என்று ஒற்றைப் பதில் கேட்பவர்களுக்கு: 150-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை, ஏறக்குறைய 8,000 நோயாளிகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அலசலில் ஒரு வகை மற்றொன்றைத் தெளிவாக மிஞ்சவில்லை. பெரும்பாலான வகைகள் சும்மா இருப்பதைவிட மேல். அதனால் நான் ஆளையும் ஊரையும் பார்த்தே தேர்வேன்.

அத்தானுக்கு நான் சொன்னது இது. முதல் மாதம் பிசியோ. வாரம் மூன்று நாள் மூச்சு வாங்கும் பயிற்சி: தையிலிருந்து பங்குனி வரை மைதானத்தில் வேக நடை, வெயிலிலும் மழையிலும் சைக்கிள். மற்ற இரண்டு நாள் நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது, கொஞ்சம் சிலம்பக் காலடி. யோகா அவர் இஷ்டம். அக்காவுக்குச் சொன்னது, காய்கறி வாங்க அவரையே அனுப்புங்கள் என்று. பெரியம்மாவுக்குச் சைக்கிள் தேவைப்படாது, ஏறவும் மாட்டாள். அவளுக்கு வீட்டு வேலையைத் திருப்பிக் கொடுப்பதும், காலையில் வாய்க்கால் வரைக்கும் பேத்தியோடு விறுவிறுவென்று ஒரு நடையும், வெள்ளிக்கிழமை கும்மியும். பேத்தியின் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

பயிற்சிக்கு முன் சில சோதனைகள். உட்கார்ந்து ஒரு தரம், எழுந்து நின்று ஒரு தரம் பிரஷர் பாருங்கள். நின்றதும் பிரஷர் இறங்குவது இந்த நோயிலும் மாத்திரையாலும் வரும், தலைசுற்றி விழ அதுவே முதல் காரணமாகலாம். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் பயிற்சியை வையுங்கள். நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

தேர்வு நிரந்தரமும் அல்ல. வாசற்படியில், திருப்பத்தில் கால் தரையோடு ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தால் வேக நடை பின்னுக்குப் போகும், சைக்கிள் முன்னுக்கு வரும். நாலு எட்டு வைப்பதற்குள் கால் ஒட்டி விழுந்துவிடும் ஒருவர், சைக்கிளில் ஏற்றிவிட்டால் சாதாரணமாக ஓட்டிப் போவதை நெதர்லாந்து மருத்துவர்கள் 2010-இல் வீடியோ எடுத்தே காட்டியிருக்கிறார்கள். தெருவில் ஓட்டுவது நம் ஊரில் வேண்டாம், வீட்டில் நிற்கும் சைக்கிள் போதும். அந்தக் கட்டம் வந்தால் பிசியோவிடம் மறுபடி போய்த் திட்டத்தை மாற்றி வாங்கி வர வேண்டும்.